புது குரூசர் பழகும் காலம்: வாசகர் கேள்விகளும் பட்டறைப் பதில்களும்

தாழ்ந்த சீட்டில் காலை முன்னால் நீட்டி உட்கார்ந்து ஓட்டும் பைக்குக்குத்தான் குரூசர் என்று பெயர். இந்த முறை வந்த கேள்விகள் முக்கால்வாசி ராயல் என்ஃபீல்டின் மீட்டியார் 350 பற்றியவை. அதனால் எண்கள் வரும் இடங்களில் அந்த வண்டியையே எடுத்துக்கொண்டோம். வேறு குரூசர் வைத்திருப்பவர்கள் வழிமுறையை எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணை உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள்.

திண்டுக்கல் வாசகர்: மீட்டியார் எடுத்து நாலு நாள் ஆச்சு, 90 கிலோமீட்டர் ஓடியிருக்கு. முப்பது வருஷம் புல்லட் ஓட்டிய மாமா, ‘2000 கிலோமீட்டர் வரைக்கும் ஐம்பதைத் தாண்டாதே’ என்கிறார். நண்பனோ, ‘முதல் நாளே முறுக்கினால்தான் பின்னாடி பிக்கப் இருக்கும்’ என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

மாமா சொல்வது அவர் ஓட்டிய வண்டிக்குச் சரி. வலது காலில் கியரும் இடது காலில் பிரேக்கும் இருந்த அந்தப் பழைய புல்லட்டின் சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். சூடேறினால் பிஸ்டன் சீக்கிரம் விரியும், இரும்பு மெதுவாகத்தான் விரியும். புதுசில் இரண்டுக்கும் நடுவே இடைவெளி குறைவு. விரட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அதாவது எஞ்சின் ‘சீஸ்’ ஆகும். அந்தப் பயத்தில் பிறந்த கணக்குதான் ஐம்பதும் இரண்டாயிரமும். இன்றைய எஞ்சினின் கடைசல் துல்லியம் வேறு, எண்ணெயும் வேறு.

நண்பர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. புது சிலிண்டரின் உள்சுவரைப் பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் தெரியும். ஆலையிலேயே வேண்டுமென்று போடுபவை அவை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் உலோக வளையமான பிஸ்டன் ரிங் அந்தக் கீறல்களின் முகடுகளைத் தேய்த்துத் தனக்கென்று ஒரு தடம் செய்துகொள்ள வேண்டும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமில்லை. பெட்ரோல் எரிந்து வரும் வாயு ரிங்குக்குப் பின்னால் புகுந்து தள்ளுகிறது. ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஓட்டினால் அந்த அழுத்தம் போதாது. கீறல்களில் எண்ணெய் காய்ந்து சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும். அதன்பின் ரிங் சரியாக உட்காரவே உட்காராது. எண்ணெய் குறைவது, சைலன்சரில் நீலப்புகை வருவது எல்லாம் பிறகு தலைகாட்டும். நேர்மாறாக முதல் நாளே முழுசாக முறுக்கினால், முகடுகள் தேயும் இடத்தில் சூடு தாங்காமல் எண்ணெய்ப் படலம் அறுந்துபோகும். அப்போது வருவது தேய்மானம் இல்லை, எஞ்சினைக் கெடுக்கும் ஆழமான கீறல்.

ஆகவே எஞ்சினுக்கு வேலை கொடுங்கள், ஆனால் விட்டு விட்டுக் கொடுங்கள். மூன்றாவது கியரில் 30-லிருந்து 50 வரை பாதி முறுக்கில் இழுங்கள், பிறகு ஆக்சிலரேட்டரை முழுசாக விட்டு வண்டி தானாக 30-க்கு இறங்கட்டும். விடும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் இழுப்பு கொஞ்சம் எண்ணெயை மேலே கொண்டுவந்து சுவரைக் குளிர்விக்கும். இதை ஒரு பயணத்தில் பத்துப் பன்னிரண்டு முறை செய்தால் போதும்.

எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். மீட்டர் மீட்டியாரில் கிடையாது, எனவே வேகத்தை வைத்துத்தான் கணக்கு. முதல் 500 கி.மீ.க்கு எங்கள் கைக்கணக்கு இது: முதல் கியரில் 15, இரண்டாவதில் 30, மூன்றாவதில் 50, நான்காவதில் 60, ஐந்தாவதில் 70. கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே முடிவு. 500-க்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, நடுநடுவே சில நொடிகள் எண்பதைத் தொடலாம். 1000 தாண்டினால், கையேடு தடுக்காதவரை, கவலையை விடுங்கள்.

மேல் வரம்பை எல்லோரும் பார்க்கிறார்கள். வண்டியைக் கெடுப்பது பெரும்பாலும் கீழ் வரம்பு. ஐந்தாவது கியரில் 40-ல் போய்க்கொண்டிருக்கும்போது லாரியைத் தாண்ட முறுக்கினால், எஞ்சின் ‘டொக் டொக்’ என்று திணறி ஹேண்டில்பார் வரை அதிரும். அந்த ஒவ்வொரு அடியும் பேரிங்கில்தான் விழுகிறது. இந்த எஞ்சினின் முழு இழுவிசை 27 நியூட்டன் மீட்டர், அது கிடைப்பது 4000 சுற்றில். அதில் பாதிச் சுற்றுகூட இல்லாத இடத்தில் அதைக் கேட்டால் எங்கிருந்து தரும்? ஒரு கியர் குறைத்துவிட்டு முறுக்குங்கள். ‘சிங்கிள் சிலிண்டர், கீழே நல்லா இழுக்கும்’ என்பதைத் தப்பாகப் புரிந்துகொண்டவர்கள் நம் ஊரில் அதிகம்.

உங்களுக்கு ஓடிப் பழக பழனி சாலை நல்லது. ஊர், வளைவு, வேகத்தடை என்று வேகம் மாறிக்கொண்டே இருக்கும். திருச்சி நான்குவழிச் சாலையில் ஒரே 60-ல் ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டு போவதுதான் இந்தக் கட்டத்தில் வேண்டாத வேலை. கொடைக்கானல் மலை ஏறலாமா என்றால் 500-க்குப் பிறகு.

கும்பகோணம் வாசகர்: காலையில் எத்தனை நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு எடுக்க வேண்டும்? பத்து நிமிடம் என்கிறார்கள்.

முப்பது நொடி, மார்கழி விடிகாலையில் ஒரு நிமிடம். இது ஃபியூவல் இன்ஜெக்ஷன் வண்டி, சோக் இழுத்துக் காத்திருந்த காலம் இல்லை. நின்ற இடத்தில் ஓடினால் எஞ்சின் சூடாகும், கியர்பாக்ஸும் செயினும் டயரும் குளிர்ந்தே இருக்கும். காற்றும் எண்ணெயும் குளிர்விக்கும் எஞ்சினுக்கு முன்னால் காற்று வந்து மோத வேண்டும். பத்து நிமிடம் நிறுத்தி ஓட்டினால் அதுவும் இல்லை. முப்பது நொடிக்குப் பிறகு எடுத்து, முதல் மூன்று கிலோமீட்டர் 40-க்குள் ஓட்டுங்கள். எண்ணெய் முழுச் சூட்டுக்கு வருவது அதற்குப் பிறகுதான்.

சென்னை வாசகர்: வேலை காரணமாக 45 நாளில் 210 கி.மீ.தான் ஓடியிருக்கிறது. ‘500 ஆகட்டும், பிறகு சர்வீஸ் விடலாம்’ என்று இருக்கிறேன். சரியா?

சரியில்லை. முதல் சர்வீஸுக்குக் கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர், நாள் இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. முதல் சர்வீஸைத் தவறவிட்டால் பின்னால் வாரண்டி கேட்கும்போது முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

அது போக, இருநூறு கிலோமீட்டரிலேயே அந்த எண்ணெய் தன் வேலையைச் செய்துவிட்டது. ரிங், பல்சக்கரம், கிளட்ச் தட்டு எல்லாம் முதலில் தேய்வதில் வரும் உலோகத் தூள் முழுக்க அதில்தான் மிதக்கிறது. பழைய எண்ணெயை வடிக்கும்போது கூடவே நில்லுங்கள். வெயிலில் தட்டைச் சாய்த்துப் பார்த்தால் ஜரிகைப் பொடி தூவியது போல மின்னும். அது இயல்பு. விரல் நுனியில் எடுத்தால் உறுத்தும் அளவுக்குச் சில்லு வந்தால் மட்டும் கேள்வி கேளுங்கள்.

எண்ணெயோடு ஃபில்டரும் மாறியதா என்று கேளுங்கள். ஊற்றுவது 15டபிள்யூ50 (எண்ணெயின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்), டப்பாவில் ஜாசோ எம்ஏ2 என்ற பைக் எண்ணெய்த் தரக்குறி அச்சிட்டிருக்க வேண்டும். பைக்கில் கிளட்ச் தட்டுகள் எஞ்சின் எண்ணெயிலேயே ஊறிக் கிடக்கின்றன. கார் எண்ணெயில் வழுக்கலுக்கென்று சேர்க்கும் மருந்து அந்தத் தட்டுகளையும் வழுக்க வைத்துவிடும். முறுக்கினால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. ‘விலை கூடுன எண்ணெய்ண்ணே’ என்று யாராவது கார் டப்பாவை நீட்டினால் மறுத்துவிடுங்கள்.

பிறகு கிளட்ச் கேபிள். புதுக் கேபிள் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் நீளும். கிளட்ச் பிடியை மெல்ல இழுத்தால் அதன் வேரில் 2, 3 மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் கிளட்ச் வழுக்கும். அதிகமானால் பிடியை முழுசாகப் பிடித்தாலும் கிளட்ச் முழுசாக விடுபடாது. சிக்னலில் நியூட்ரல் விழாமல் நாம் கியரைத் திட்டிக்கொண்டிருப்போம். செயினும் புதுசில் தளரும். எவ்வளவு தொய்வு இருக்கலாம் என்பது கையேட்டில் இருக்கிறது. இறுக்கிய பிறகு சக்கரத்தைச் சுற்றி நாலு இடத்தில் தொய்வைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் பார்த்து இறுக்கினால் இன்னொரு இடத்தில் கம்பி மாதிரி நிற்கும், ஸ்பிராக்கெட்டும் பேரிங்கும் சீக்கிரம் போகும். சைலன்சர் போல்ட்டு, ஹேண்டில்பார் போல்ட்டு, பின் ஆக்சில் நட்டு மூன்றையும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் வைத்துப் பார்த்தார்களா என்றும் கேட்கலாம். கேட்டால் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

கோயம்புத்தூர் வாசகி: என் உயரம் 157 செ.மீ. பத்து வருடமாக ஸ்கூட்டர்தான். குரூசர் உயரம் குறைவு என்று எடுத்தேன். நேராகப் போவதில் பிரச்சினை இல்லை. யூ-டர்ன், பார்க்கிங், கூட்ட நெரிசல் என்றாலே கை நடுங்குகிறது. ஒருமுறை நின்ற இடத்திலேயே சாய்த்துவிட்டேன்.

சீட்டின் உயரம் 765 மி.மீ., உங்கள் ஸ்கூட்டருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். எடைதான் வேறு. 110 சிசி ஸ்கூட்டர் 105-லிருந்து 110 கிலோ இருக்கும், இது 191 கிலோ. நேராக நிற்கும் வரை அந்த எடை உங்கள் கையில் இல்லை, டயரில் இருக்கிறது. கொஞ்சம் சாய்ந்தால் உங்கள் காலுக்கு வருகிறது. ரொம்பவே சாய்ந்துவிட்டால் யாராலும் பிடிக்க முடியாது, ஆறடி ஆளாலும்தான். அப்படிச் சாய்ந்தால் பிடிக்காதீர்கள், விட்டுவிட்டு விலகுங்கள். கம்பி வளைந்தால் நிமிர்த்தலாம், முழங்கால் திரும்பினால் ஆறு மாதம்.

நின்ற இடத்தில் வண்டி விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்திருப்போம். ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில் இருப்பதால் வந்த பழக்கம் இது. திரும்பிய சக்கரம் சட்டென்று நின்றால் வண்டியின் எடை முழுக்க திரும்பிய பக்கம் கொட்டும். ஆகவே 15 கி.மீ. வேகத்துக்குக் கீழே வலது கால் பிரேக் மட்டும். முன் பிரேக்கிலிருந்து விரலை எடுத்தே விடுங்கள், விரல் அங்கே இருந்தால் பயத்தில் தானாக இழுத்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காலி மைதானம் ஒன்றைப் பிடியுங்கள். முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடங்கள், இடது பக்கம் நின்று, பிறகு வலது பக்கம் நின்று. இடுப்பு சீட்டில் உரசிக்கொண்டே இருக்கட்டும். எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது இதில்தான் உடம்புக்குப் புரியும். அடுத்து முதல் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்ச்சை மெல்ல விடுங்கள். வண்டி முன்னே நகரத் துடிக்கும் ஒரு புள்ளி வரும், உடனே பிடித்துவிடுங்கள். இருபது முறை. அந்தப் புள்ளி விரலுக்குத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிறகு திருப்பம். ஆக்சிலரேட்டரைச் சற்றே திறந்து அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். கிளட்ச் அந்தப் புள்ளியிலேயே இருக்கட்டும். வலது காலால் பின் பிரேக்கை லேசாக உரசிக்கொண்டே போங்கள். எஞ்சின் இழுக்க, பிரேக் பின்னால் பிடிக்க, இரண்டுக்கும் நடுவே வண்டி விறைப்பாக நிற்கும், தள்ளாடாது. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் கிளட்ச் விரல் மட்டும்தான். கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். எனவே முன்சக்கரத்தைப் பார்க்காமல், முகவாய் தோளைத் தொடும் அளவுக்குத் தலையைத் திருப்பி, வெளியேறப் போகும் இடத்தைப் பாருங்கள். வண்டி உள்ளே சாயும்போது உடம்பு கொஞ்சம் வெளிப்பக்கம் இருக்கட்டும். 35 அடி அகலத்தில் ஆரம்பித்து, இரண்டு மூன்று வாரத்தில் 24 அடிக்கு வந்துவிட்டால் நம் ஊர்ச் சாலைகளுக்குப் போதும். பாதிக் கிளட்ச்சில் தட்டு தேயுமே என்ற கவலை வேண்டாம், எண்ணெயில் ஊறும் தட்டு இந்தச் சில நிமிடங்களைத் தாங்கும். காந்தல் வாசனை வந்தால் பத்து நிமிடம் ஓய்வு கொடுங்கள்.

பார்க்கிங்கில் ஒரே விதிதான். சரிவில் மூக்கைக் கீழே விட்டு நிறுத்தாதீர்கள், 191 கிலோவைக் காலால் பின்னோக்கி மேடேற்ற முடியாது. பின்சக்கரம் பள்ளத்தில், முன்சக்கரம் வெளியேறும் பக்கம். சைடு ஸ்டாண்டு போட்டு முதல் கியரில் விடுங்கள்.

விழுந்த வண்டியைக் கையால் தூக்காதீர்கள். முதலில் எஞ்சினை அணையுங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே தட்டிவிடுங்கள், தூக்கியபின் மறுபக்கம் சாயாது. ஹேண்டில்பாரைத் தரைப் பக்கம் முழுசாகத் திருப்பி, சீட்டுக்கு முதுகைக் காட்டி, சீட் விளிம்பில் புட்டத்தை முட்டுக் கொடுத்துக் குந்துங்கள். ஒரு கை ஹேண்டில் நுனியில், இன்னொரு கை சீட்டுக்கு அடியில் கம்பியில். முதுகை நேராக வைத்துச் சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடந்தால் வண்டி எழும். வேலை தொடையில்தான், முதுகில் இல்லை.

நாகர்கோவில் வாசகர்: ஒரு மணி நேரம் ஓட்டினால் இடுப்புக்குக் கீழே வலி. குரூசர் சொகுசு என்றார்களே?

கால் முன்னால் நீட்டிய இருப்பு இது. சாதாரண பைக்கில் குழி வந்தால் ஃபுட்ரெஸ்டை மிதித்து லேசாக எழும்பிவிடுவோம், முழங்கால் அடியை வாங்கிக்கொள்ளும். குரூசரில் ஃபுட்ரெஸ்ட் உடம்புக்கு முன்னால் இருப்பதால் எழும்ப முடியாது. அடி நேரே வால் எலும்புக்குப் போகும். எனவே வேகத்தடையை நீங்கள் குதித்துச் சமாளிப்பதற்குப் பதிலாக வண்டியின் வேகத்தைக் குறைத்துத்தான் சமாளிக்க வேண்டும். தடைக்கு முன்பே பிரேக்கை முடித்துவிட்டு, ஏறும்போது பிரேக்கை விட்டுவிடுங்கள். பிடித்தபடி ஏறினால் முன் ஷாக் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், அடி இரட்டிப்பாகும்.

உட்காரும் இடத்தையும் பாருங்கள். பலர் முன்னால் டேங்க் பக்கம் நழுவி, முதுகை வளைத்து உட்காருகிறார்கள். இடுப்பு சீட்டின் பின்மேட்டைத் தொட வேண்டும், முழங்கை கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்தால் கை எட்டவில்லை என்றால் ஹேண்டில்பாரைக் கிளாம்பில் தளர்த்திக் கொஞ்சம் உங்கள் பக்கம் சுழற்றலாம், செலவில்லாத வேலை. சுழற்றியபின் கேபிள்கள் இழுபடாமல் இரு பக்கமும் முழுசாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். பின் ஷாக்கின் ஸ்பிரிங் விறைப்பும் உங்கள் எடைக்குச் சரியா பாருங்கள். தனி ஆளுக்கு மென்மையான படி போதும். இவ்வளவும் செய்த பிறகும் வலித்தால் மட்டும் ஜெல் சீட்டுக்குப் பணம் போடுங்கள்.

வேலூர் வாசகர்: ஷோரூமிலிருந்து எடுத்த அன்றே மழை. வளைவில் பின்சக்கரம் வழுக்கியது. டயர் குறையா?

இல்லை. புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். அது தேய 150 கி.மீ. ஆகும், மழையில் இன்னும் கொஞ்சம் கூட. அதுவரை சாய்த்துத் திருப்பாமல், வேகத்தைக் குறைத்துத் திரும்புங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வைத்தியம் வேண்டாம். பிரேக்கும் அப்படித்தான்: புதுப் பேடும் டிஸ்க்கும் முழுப் பரப்பில் ஒட்டும் வரை பிடி குறைவாகவே இருக்கும். காலிச் சாலையில் 50-லிருந்து 15 வரை, முழுசாக நிறுத்தாமல், இருபது முறை மிதமாகப் பிடியுங்கள். நடுவே ஒரு நிமிடம் ஓடி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் பேடை அழுத்திப் பிடித்தபடி நிற்காதீர்கள், அந்த இடத்தில் தடம் பதிந்து பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அதிரும்.

தஞ்சாவூர் வாசகர்: முதல் நாள் சைலன்சரிலிருந்து புகை, வாசனை. வண்டியை நிறுத்தினால் ‘டிக் டிக்’ சத்தம். பயமாக இருக்கிறது.

ஆலையில் பூசிய காப்பு எண்ணெய் எரிகிறது, இரண்டு மூன்று பயணத்தில் நின்றுவிடும். டிக் டிக் என்பது சூடான உலோகம் ஆறிச் சுருங்கும் சத்தம், வண்டி பழசானாலும் இருக்கும். எஞ்சின் ஓடும்போதே தாளம் மாதிரி வந்து, வேகத்தோடு கூடினால் மட்டும் காட்டுங்கள்.

மதுரை வாசகர்: பழைய புல்லட் மாதிரி ‘டப் டப்’ சத்தம் இல்லை. பாட்டில் சைலன்சர் மாட்டலாமா?

அந்தச் சத்தம் குறைந்ததற்குக் காரணம் சைலன்சர் மட்டும் இல்லை, எஞ்சினே வேறு. உள்ளே அதிர்வை அடக்க பேலன்சர் ஷாஃப்ட் வைத்திருக்கிறார்கள். சைலன்சரை மாற்றினால் சத்தம் வரும், பழைய தாளம் வராது. வெளியேறும் புகையில் ஆக்சிஜனை அளக்கும் சென்சார் குழம்பலாம், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் போகலாம், வாரண்டியில் சண்டை வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் சத்தத்துக்கும் புகைக்கும் அபராதம் இருக்கிறது. வண்டி பழகும் இந்தக் காலத்தில் இன்னொரு நஷ்டமும் உண்டு: எஞ்சின் திணறும் அந்த ‘டொக் டொக்’ உங்கள் காதுக்கே கேட்காது. காசு கையில் துறுதுறுத்தால் ஹெல்மெட்டுக்கான இந்தியத் தர எண்ணான ஐஎஸ் 4151 முத்திரையுள்ள நல்ல ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள், பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்து.